45 சதவீத ஓட்டு, 159 எம்எல்ஏ: இந்தக் கணக்கு நியாயமா?

சிறுவாணி:

2021 தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தல் முடிவு என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது இடங்களின் எண்ணிக்கைதான். திமுக அணி 159, அதிமுக அணி 75, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. இதையே வாக்குக் கணக்கில் பாருங்கள். திமுக அணிக்கு ஏறக்குறைய 45 சதவீதம், அதிமுக அணிக்கு ஏறக்குறைய 40. ஓட்டில் ஐந்தரை சதவீத இடைவெளிதான், சட்டமன்றத்துக்குள் போனதும் ஓர் அணிக்கு மற்றதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் என்று ஆகிவிட்டது. 234 தொகுதியிலும் தனித்து நின்ற நாம் தமிழர் கட்சி 6.58 சதவீதம் வாங்கியது. 30 லட்சம் பேருக்கு மேல் போட்ட ஓட்டு அது. ஒரு எம்எல்ஏகூட இல்லை. 20 தொகுதியில் நின்று மாநில அளவில் 2.6 சதவீதம் வாங்கிய பாஜகவுக்கு 4 பேர்.

எனக்கு நாம் தமிழர் கட்சியின் அரசியலோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் 30 லட்சம் பேர் சொன்னது சபைக்குள் ஒரு குரலாகக்கூடப் பதிவாகவில்லை என்பதை எப்படி ஏற்பது? எங்கள் கோவை மாவட்டத்தில் 10 தொகுதியும் அதிமுக அணிக்கு. சென்னையில் 16 தொகுதியும் திமுக அணிக்கு. கோவையில் உதயசூரியனுக்குப் போட்டவர்களும் சென்னையில் இரட்டை இலைக்குப் போட்டவர்களும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். முடிவைப் பார்த்தால் அப்படி யாரும் அந்த ஊரில் வாழவே இல்லை என்பது போலத் தெரிகிறது. கோவை தெற்கில் வானதி சீனிவாசன் கமல்ஹாசனை 1,728 ஓட்டில் வென்றார். மும்முனைப் போட்டி. பதிவானதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் ஜெயித்தவருக்கு விழுந்தது. மீதி ஓட்டெல்லாம் எங்கே போயின?

விகிதாசார முறை வேண்டும் என்கிறேன், அதாவது வாங்கிய ஓட்டின் பங்குக்கு ஏற்ப இடம். முழுதாக இல்லாவிட்டாலும் ஓரளவுக்காவது.

பொதிகை:

சிறுவாணி, எங்கேயும் போகவில்லை. எண்ணினார்கள், தோற்றார்கள். தோற்றவருக்கு விழுந்த ஓட்டை வீண் என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் ராதாபுரம் தொகுதிக்காரன். 2016ல் எங்கள் தொகுதியில் இன்பதுரை அப்பாவுவை வென்றது 49 ஓட்டு வித்தியாசத்தில். தபால் வாக்குகளை எண்ணியதில் தகராறு வந்து உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போனது. அதே அப்பாவு 2021ல் அங்கேயே ஜெயித்து சபாநாயகர் ஆனார். 49 ஓட்டு என்பது எங்கள் பக்கத்தில் ஒரு தெரு. அதற்கப்புறம் எந்தக் கட்சிக்காரரும் ஒரு தெருவைக்கூட விட்டுவிட்டுப் போவதில்லை. 2021ல் தியாகராய நகரில் வித்தியாசம் 137. காட்பாடியில் துரைமுருகனுக்கே 746. ஒவ்வொரு ஓட்டுக்கும் இவ்வளவு கனம் இருப்பது தொகுதி முறையால்தான்.

இன்னொன்று. வாக்கு எண்ணும் மேசையில் முகவராக உட்கார்ந்திருக்கிறேன். காலை 8 மணிக்குத் தபால் வாக்கைத் தொடங்குவார்கள், அரை மணி கழித்து இயந்திரம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் கன்ட்ரோல் யூனிட்டின் சீலை நமக்குக் காட்டுவார்கள். அதன் எண்ணை நம் கையில் இருக்கும் 17சி படிவத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பூத்தில் மொத்தம் எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள் என்று அதில் இருக்கும். ரிசல்ட் பட்டனை அமுக்கினால் முதலில் மொத்தம், அப்புறம் வேட்பாளர் வரிசைப்படி எண்கள் ஓடும். அத்தனையும் தாளில் எழுதிக் கூட்டிப் பார்ப்போம். எழுதக் கூட்டத் தெரிந்த யாரும் தன் ஊர் முடிவைச் சரிபார்க்கலாம். சதவீதம், பின்னம், மீதி என்று கணக்குப் போய்விட்டால் இந்தச் சரிபார்ப்பு சாதாரண மனிதன் கையை விட்டுப் போய்விடும். அதுதான் என் பெரிய கவலை.

சிறுவாணி:

எண்ணும் மேசை மேலே நம்பிக்கை எனக்கும் உண்டு, பொதிகை. விகிதாசாரம் வந்தாலும் அந்த மேசை அப்படியேதான் இருக்கும். எண்ணிய பிறகு இடங்களை எப்படிப் பங்கிடுகிறோம் என்பதுதான் என் கேள்வி.

பழைய முடிவுகளை எடுத்துப் பாருங்கள். 1967ல் காங்கிரசுக்கு 41 சதவீதத்துக்குச் சற்று மேல். திமுகவுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. இடங்கள்? திமுக 137, காங்கிரஸ் 51. 2006ல் அதிமுகவுக்கு 32 சதவீதத்துக்கு மேல் வாக்கு, 61 இடம். திமுகவுக்கு 26 சதவீதத்துக்கு மேல், 96 இடம். அதிகம் ஓட்டு வாங்கிய கட்சி எதிர்வரிசையில் உட்கார்ந்தது. அதே 2006ல் தேமுதிகவுக்கு 8 சதவீதத்துக்கு மேல் விழுந்து, விருத்தாசலத்தில் விஜயகாந்த் ஒருவர் மட்டும் உள்ளே போனார்.

பொதிகை:

அந்த ஒப்பீட்டில் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். 1967ல் காங்கிரஸ் ஏறக்குறைய எல்லாத் தொகுதியிலும் நின்றது, திமுக 174ல்தான் நின்றது. மீதியை சுதந்திரா உள்ளிட்ட தோழமைக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்தது. 2006லும் அதே கதை: திமுக 132 தொகுதியில்தான் நின்றது, அதிமுக அதைவிட நிறைய இடத்தில். குறைவான தொகுதியில் நிற்பவருக்கு மொத்த சதவீதம் குறையத்தானே செய்யும்? அணி அணியாகக் கூட்டுங்கள், படம் மாறிவிடும்.

உண்மையில் கூட்டணிதான் நாம் கண்டுபிடித்த விகிதாசார முறை. 2021ல் விடுதலைச் சிறுத்தைகள் 6 இடத்தில் நின்று 4 ஜெயித்தார்கள். மாநில அளவில் அவர்கள் வாக்கு 1 சதவீதம்தான். இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கும் தலா 2. தனித்தனியாக நின்றிருந்தால்? 2016ல் மக்கள் நலக் கூட்டணி என்று நின்றார்களே, ஒரு இடம்கூட வரவில்லை. சின்னக் கட்சிகளைச் சபைக்குள் கொண்டுபோகும் வழி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

வடமராட்சியான்:

வணக்கம். நான் யாழ்ப்பாணம். விகிதாசாரத்துக்குள்ளேயே வளர்ந்த எங்களுக்கு இந்த விவாதம் புதிதில்லை, அதனால் எங்கட அனுபவத்தைச் சொல்லுகிறன்.

1977இல் இலங்கையிலும் தொகுதி முறைதான். ஐக்கிய தேசியக் கட்சி 50 சதவீதத்துக்குச் சற்று மேல் எடுத்து 168 ஆசனங்களில் 140ஐப் பிடித்தது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி 30 சதவீதத்துக்குக் கிட்ட எடுத்தும் 8 ஆசனம்தான். 7 சதவீதத்துக்கும் குறைவாக எடுத்த தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். எங்கட வாக்கு வடக்கு கிழக்கில் திரண்டிருந்தபடியால் வந்த விளைவு அது. அந்த ஆறில் ஐந்து பெரும்பான்மையை வைத்துத்தான் 1978 அரசியலமைப்பைக் கொண்டுவந்தார்கள். ஒரு தேர்தலின் ஆசனக் கணக்கு ஒரு நாட்டின் தலையெழுத்தையே மாற்றியது. ஆகவே சிறுவாணி சொல்லுகிற ஆபத்து கற்பனை இல்லை.

ஆனால் விகிதாசாரமும் நேர்மையாகத்தான் பங்கிடும் என்று நம்பிவிட வேண்டாம். 2024 பாராளுமன்றத் தேர்தலில் யாழ். தேர்தல் மாவட்டத்தில் 6 ஆசனம். தேசிய மக்கள் சக்திக்கு நாலில் ஒரு பங்கு வாக்குத்தான், ஆசனம் 3. மாவட்டத்தில் முதலாவதாக வரும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் என்ற விதியும், தமிழ்க் கட்சிகள் பிரிந்து கேட்டதும்தான் காரணம். நாடு முழுக்க அவர்களுக்கு 61 சதவீதத்துக்கு மேல், ஆசனம் 225இல் 159. உங்கட 2021 திமுக அணிக்கும் அதே 159தான். முறை எதுவானாலும் பிரிந்து நிற்கிறவனுக்கு அடிதான் விழும்.

இன்னொரு வலி விருப்பு வாக்கு. கட்சிக்கு ஒரு புள்ளடி, அதே கட்சி வேட்பாளர்களில் மூன்று பேருக்கு விருப்பு வாக்கு. கேட்க நல்லாத்தான் இருக்கும். நடக்கிறது என்னவென்றால், ஒரே கட்சிக்காரர் ஒருவரை ஒருவர் வெட்டுகிறார்கள். எதிர்க்கட்சிக்காரனைவிட பக்கத்தில் நிற்கிற சொந்தக் கட்சிக்காரன்தான் எதிரி.

எல்பே கரை:

டிரெஸ்டனில் இருந்து எழுதுகிறேன். ஜெர்மனியில் மாநிலச் சட்டமன்றங்களுக்குப் பெரும்பாலும் இரண்டு ஓட்டு. ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, இன்னொன்று கட்சிக்கு. தொகுதியில் ஜெயித்தவர் உள்ளே போய்விடுவார். அதன்பின் கட்சி ஓட்டின் விகிதம் வரும்வரை அந்தக் கட்சி கொடுத்த வேட்பாளர் பட்டியலில் இருந்து ஆட்களைச் சேர்ப்பார்கள். 5 சதவீதம் தாண்டாத கட்சிக்கு இடமில்லை.

2024 செப்டம்பர் 1 அன்று நான் இருக்கும் சாக்சனியில் தேர்தல். சிடியு என்ற கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்கு 31.9 சதவீதம், 41 இடம். ஏஎஃப்டி என்ற தீவிர வலதுசாரிக் கட்சிக்கு 30.6 சதவீதம், 40 இடம். மொத்தம் 120. ஓட்டும் இடமும் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது பாருங்கள். இடதுசாரிக் கட்சிக்கு 4.5 சதவீதம்தான் கிடைத்தது, ஆனால் லைப்சிக் நகரில் இரண்டு தொகுதியை நேரடியாக வென்றதால் 5 சதவீத விதியில் இருந்து விலக்குக் கிடைத்து 6 பேர் உள்ளே வந்தார்கள். மாநிலம் முழுக்கப் பரவிய ஆதரவுக்கும் மதிப்பு, ஓர் ஊரில் திரண்ட ஆதரவுக்கும் மதிப்பு.

பொதிகை:

எல்பே கரை, அதே நாளில் பக்கத்து மாநிலம் துரிங்கியாவிலும் தேர்தல் நடந்ததே, அதையும் சொல்லியிருக்கலாம். மொத்தம் 88 இடம். சிடியுவும் இன்னும் இரண்டு கட்சிகளும் சேர்ந்தும் 44, சரிபாதி. முதலமைச்சர் தேர்வானது டிசம்பர் 12. மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. 32 இடம் பிடித்த ஏஎஃப்டிக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருப்பதால், மூன்றில் இரண்டு பங்கு தேவைப்படும் எதையும் தடுக்கலாம். சாக்சனியிலும் முதலில் மென்பொருள் கோளாறால் இடங்களைத் தவறாக அறிவித்து அப்புறம் திருத்தினார்கள். முதலில் சொன்ன கணக்கில் ஏஎஃப்டிக்கு 41, அதாவது அங்கேயும் தடுக்கும் பலம். ஓர் இடம் குறைந்ததும் அது போனது. மேசையில் உட்கார்ந்து கூட்டிப் பார்க்க முடியாத கணக்கு என்று நான் பயந்தது இதைத்தான்.

நம் 2021 கணக்கையே முழு விகிதாசாரத்தில் போட்டுப் பார்த்தேன். திமுக அணிக்கு 106, அதிமுக அணிக்கு 93, நாம் தமிழருக்கு 15, மீதி மற்றவர்களுக்கு. ஆட்சி அமைக்க 118 வேண்டும். கூட்டணியே கிடையாது என்று சொல்லி ஓட்டுக் கேட்ட கட்சியிடம்தான் சாவி போயிருக்கும்.

பேரம் எப்போது நடக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். நம் ஊரில் கூட்டணி தேர்தலுக்கு முன்னாலேயே அமைகிறது. யாரோடு யார், எத்தனை இடம் எல்லாம் தெரிந்துதான் வாக்காளர் போடுகிறார். அந்தப் பேரம் பிடிக்கவில்லை என்றால் தண்டிக்கலாம். விகிதாசாரத்தில் ஓட்டு எண்ணிய பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். அதைத் தண்டிக்க ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும்.

சிறுவாணி:

தேர்தலுக்கு முன்னால் நடப்பது எதற்கான பேரம்? நிற்கும் இடத்துக்கான பேரம். ஆட்சியில் பங்குக்கான பேரம் இல்லை. 1967 முதல் 2021 வரை தமிழ்நாட்டில் அமைந்த எந்த அமைச்சரவையிலும் கூட்டணிக் கட்சிக்கு ஒரு நாற்காலி தரப்பட்டதில்லை. 2006ல் திமுகவுக்கு 96தான், தனிப் பெரும்பான்மை கிடையாது. 34 எம்எல்ஏ வைத்திருந்த காங்கிரஸ் ஐந்து வருஷமும் வெளியில் இருந்துதான் ஆதரித்தது. ஜெயலலிதா அதை மைனாரிட்டி அரசு என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்சி கவிழவில்லை என்பதையும் கவனியுங்கள். பெரும்பான்மை இல்லாவிட்டால் நிலைக்காது என்ற பயத்துக்கு நம் சொந்த வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

அப்புறம் கோவை. 2021 தேர்தலுக்குப் பிறகு ஆளும் அணிக்கு மாவட்டத்தில் ஒரு எம்எல்ஏகூட இல்லாமல் போனது. வேறு மாவட்டத்து அமைச்சரைப் பொறுப்பாகப் போட்டார்கள். லட்சக்கணக்கில் ஓட்டு வாங்கிய கட்சிக்கு எங்கள் ஊர் ஆள் ஒருவரும் சபையில் இல்லாமல் போனார். இது ஊருக்கும் நட்டம், கட்சிக்கும் நட்டம்.

வீராணம்:

எல்லாரும் பேசிக்கொண்டே போகிறீர்கள், தனித்தொகுதியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. 234ல் 44 தாழ்த்தப்பட்டோருக்கு, 2 பழங்குடியினருக்கு. பட்டியல் முறை வந்தால் இந்த 46 என்ன ஆகும்?

எங்கள் காட்டுமன்னார்கோயில் தனித்தொகுதி. 2016ல் திருமாவளவன் இங்கே 87 ஓட்டில் தோற்றார். 2021ல் அதே கட்சியின் சிந்தனைச்செல்வன் கூட்டணியோடு நின்று பத்தாயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். கூட்டணிதான் நம் விகிதாசாரம் என்று பொதிகை அண்ணன் சொன்னதற்கு இது சாட்சி மாதிரித் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. தனித்தொகுதியில் வேட்பாளர்தான் தாழ்த்தப்பட்டவர், ஜெயிக்கவைப்பது மற்ற சாதிக்காரர்களின் ஓட்டு. 1932 பூனா ஒப்பந்தத்தில் இருந்து இதுதான் நிலைமை. ஊருக்கு அடங்கிப் பேசுகிறவரைத் தேர்ந்தெடுப்பது கட்சிகளுக்கு வசதி. எங்கள் மக்கள் மாநிலம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள். சிதறிய ஓட்டை ஒன்றுசேர்த்து எண்ணும் முறை வந்தால் முதலில் நிமிரப்போவது நாங்கள்தான்.

ஆனால் அந்த 5 சதவீதத் தடுப்பை மட்டும் வைத்தீர்கள் என்றால் கதை முடிந்தது. 2021 கணக்கில் 5 சதவீதம் தாண்டியவர்கள் திமுக, அதிமுக, நாம் தமிழர் மூன்றே பேர். 4.3 சதவீதம் வாங்கிய காங்கிரஸ், பாமக, பாஜக, கம்யூனிஸ்டுகள், சிறுத்தைகள், முஸ்லிம் லீக் எல்லாரும் வெளியே. ஜெர்மனிக்குப் பொருந்துவது இங்கே பொருந்தாது.

சிறுவாணி:

வீராணம் சொல்லும் தடுப்பு விஷயம் முக்கியமானது. ஒரு திருத்தம் மட்டும்: 6 தொகுதியில் நின்ற கட்சியின் 1 சதவீதம் அதன் பலத்தைக் காட்டாது. கட்சிக்கென்று தனி ஓட்டு இருந்தால்தான் ஒவ்வொருவருக்கும் உண்மையில் எவ்வளவு ஆதரவு என்று தெரியவரும். இப்போது யாருக்கு எவ்வளவு என்று பெரிய கட்சிதான் சொல்கிறது, அதுவும் தொகுதிப் பங்கீட்டு மேசையில். தடுப்பு 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பேன்.

வைகைக்கரை:

2021ல் ஜெயித்த பெண்கள் 12 பேர். 234ல் 12. இதைப் பற்றி இதுவரை ஒரு வரி இல்லை.

நாம் தமிழர் கட்சி 117 பெண்களை நிறுத்தியது, சரிபாதி. அதில் ஒருவரும் உள்ளே போகவில்லை. பெரிய கட்சிகள் பெண்களுக்கு இடம் தராததற்குச் சொல்லும் காரணம் எப்போதும் ஒன்றுதான்: இந்தத் தொகுதியில் பெண் ஜெயிக்க முடியாது. ஒரு தொகுதிக்கு ஒரே ஆள் என்றால் அந்தச் சாக்குக்கு முடிவே கிடையாது. பட்டியலில் ஆண், பெண், ஆண், பெண் என்று வரிசை வைக்கச் சட்டம் போட்டால் அடுத்த தேர்தலிலேயே மாறும்.

பொதிகை:

தங்கச்சி, பட்டியலைத் தயாரிக்கப்போவதும் இடம் தராத அதே தலைவர்கள்தானே. தொகுதியில் நிற்பவராவது ஊரில் நாலு பேரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பட்டியலுக்குத் தலைவர் வீட்டு வாசல் போதும்.

எல்பே கரை:

சட்டம் போட்டாலும் நீதிமன்றம் பார்க்கும். பிரான்டன்பர்க், துரிங்கியா இரண்டு மாநிலமும் ஆண் பெண் மாறி மாறி வரும் பட்டியலைக் கட்டாயமாக்கி 2019ல் சட்டம் போட்டன. 2020ல் இரண்டையும் அந்தந்த மாநில அரசியலமைப்பு நீதிமன்றங்கள் ரத்து செய்துவிட்டன.

வைகைக்கரை:

நம் அரசியலமைப்பு வேறு, ஐயா. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கி இங்கே தேர்தல் நடக்கிறது. எந்தக் கோர்ட்டும் அதைத் தள்ளவில்லை. பொதிகை அண்ணா, தலைவர் வீட்டு வாசல் இப்போது மட்டும் இல்லையா? வேட்பாளர் நேர்காணல் எங்கே நடக்கிறது?

சிறுவாணி:

சரி, இனி நடக்கக்கூடியதைப் பேசுவோம். சட்ட ஆணையம் 1999ல் தன் 170வது அறிக்கையில் ஒரு யோசனை சொன்னது. இருக்கும் தொகுதிகளைத் தொடாமல், கூடுதலாக 25 சதவீத இடத்தைச் சேர்த்து அதைக் கட்சி வாக்கு விகிதப்படி நிரப்புவது. நமக்கு அது 58 இடம், மொத்தம் 292. சட்டமன்றத்துக்கு அரசியலமைப்பு வைத்திருக்கும் உச்சவரம்பு 500. ஆனால் எல்லாரும் தொகுதியில் இருந்து நேரடியாகத் தேர்வாக வேண்டும் என்று பிரிவு 170 சொல்வதால் திருத்தம் தேவைப்படும். விகிதாசாரம் இந்தியாவுக்கு அந்நியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். மாநிலங்களவைக்கு நம் எம்எல்ஏக்கள் ஓட்டுப் போடுவதே விகிதாசார முறையில்தான்.

2021ஐ அதில் போடுங்கள். 58 இடத்தையும் தோற்றவர்களுக்கே கொடுத்தாலும், 292ல் பெரும்பான்மைக்கு வேண்டியது 147. திமுக அணி 159. ஆட்சி அப்படியே நிற்கிறது, பொதிகை கவலைப்படும் குழப்பம் வரவில்லை. நாம் தமிழரும் கமலும் தினகரனும் சபைக்குள் பேசியிருப்பார்கள்.

வீராணம்:

அந்த 58லும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஒதுக்கீடு இருக்க வேண்டும். பட்டியலின் அடியில் இல்லை, மேலே இருந்தே.

வடமராட்சியான்:

பட்டியலை வாக்களிப்புக்கு முன்னம் வெளியிட வேண்டும், பிறகு வரிசையில் கை வைக்கக் கூடாது. எங்கட தேசியப்பட்டியல், அதாவது நாடு முழுக்க விழுந்த வாக்கின் விகிதப்படி கட்சிகள் நிரப்புகிற பட்டியல், 29 ஆசனத்துக்கு. அறிஞர்களைக் கொண்டுவர என்று தொடங்கினது, தோற்றவர்களைப் பின்கதவால் கூட்டிக்கொண்டு வரும் வழியாகப் போய்விட்டது.

பொதிகை:

2021ஐ மட்டும் போட்டுக் காட்டினால் போதாது சிறுவாணி. 2016ஐப் போடுங்கள். அதிமுகவுக்கு 134 இடம், கிட்டத்தட்ட 41 சதவீதம். திமுக அணிக்கு 98 இடம், கிட்டத்தட்ட 40 சதவீதம். கூடுதல் 58ஐயும் தோற்றவர்களுக்கு ஈடுகட்டக் கொடுத்தால் 134 பேரை வைத்திருப்பவருக்கு 147 வராது. ஜெயித்தவர் தோற்றவரிடம் போய் நிற்க வேண்டும். அந்த 58ஐயும் எல்லாருக்கும் அவரவர் விகிதப்படி பிரித்தால் அதிமுகவுக்கு இன்னும் 24 வந்து ஆட்சி நிற்கும். அந்த இரண்டாவது வழி என்றால் யோசிக்கலாம். முதல் வழிக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சிறுவாணி:

நான் முதல் வழியைத்தான் கேட்கிறேன். 2016ல் இரண்டு அணிக்கும் இடையில் இருந்தது ஒரு சதவீதம். அந்த ஒரு சதவீதத்துக்கு 36 எம்எல்ஏ இடைவெளி கொடுத்தோம். 134 பேரோடு வந்தவர் இன்னும் 13 பேரைத் தேடிப் போய், எந்த மசோதாவுக்கு என்ன மாற்றம் வேண்டும் என்று கேட்டிருந்தால் அதில் மாநிலத்துக்கு என்ன கெட்டுப்போயிருக்கும்? 41 சதவீதம் வாங்கியவர் மீதி 59ல் யாரிடமாவது பேசித்தான் ஆக வேண்டும்.